எம்.வி. நஞ்சம்மாளில் கிரெடிட் செலவழிக்கும் வழிகள்

கப்பல் என்றால் தண்ணீரில் மிதக்க வேண்டும் என்று யார் சொன்னதோ தெரியவில்லை. சொன்னவர் திருப்பூர்ப் பக்கம் வந்ததில்லை என்பது மட்டும் நிச்சயம். இங்கே குடிக்கிற தண்ணீரே வாரத்துக்கு ஒரு தரம்தான் வருகிறது, சில வாரம் அதுவும் இல்லை. அதைப் போய்க் கப்பலுக்கு ஊற்றிக்கொண்டிருக்க முடியுமா? இங்கே கப்பல் விடுவதற்கு ஒரு ஃபிளக்ஸ் கடையும் ஒரு முதலாளியும் போதும்.

அந்த வியாழக்கிழமை காலையில் ராக்கம்மாள் வழக்கம்போலத் தூக்குவாளியும் கையுமாகக் கம்பெனிக்கு வந்தபோது கேட்டைக் காணவில்லை. கேட் இருந்த இடத்தில் ஒரு கப்பலின் மூக்கு நின்றுகொண்டிருந்தது. ஃபிளக்ஸில் அடித்த மூக்கு. அதில் ‘எம்.வி. நஞ்சம்மாள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. நஞ்சம்மாள் என்பவர் முதலாளி கிட்டுசாமியின் காலஞ்சென்ற தாயார். உயிரோடு இருந்தவரை காங்கேயம் தாண்டிப் போனதில்லை. மூக்கைத் தாண்டி உள்ளே போனால் கட்டிங் செக்ஷன் வரைக்கும் தரையில் நீலத்துணி விரித்திருந்தார்கள். சாயம் சரியில்லை என்று சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் திருப்பியடித்த துணி. பனியனுக்கு ஆகாத நீலம் கடலுக்குப் பொருத்தமாக இருந்தது.

“யக்கா, இன்னைக்கி நீங்க லேபர் இல்லையாம். பயணியாம்,” என்று வாட்ச்மேன் ஜெபக்குமார் சங்கடமாகச் சிரித்தார். தூத்துக்குடிக்காரர். அசல் கப்பலைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால் அவருக்குத்தான் அந்தக் கோலம் அதிகமாக வலித்தது. “போனக் குடுத்திருங்க. கப்பல்ல டவர் கெடைக்காதாம்.”

“எதுக்குப்பா இதெல்லாம்?”

“நமக்குச் சந்தோசம் குடுக்காங்களாம்.”

போனை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டார். அட்டையில் அவள் படமும் ‘ஐயாயிரம் கிரெடிட்’ என்ற எழுத்தும் இருந்தன. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நாலு வரி இருந்தது. இந்தக் கிரெடிட்டைக் காசாக மாற்ற முடியாது. பிறருக்குக் கொடுக்க முடியாது. கப்பலுக்கு வெளியே செல்லாது. சனிக்கிழமை மாலைக்குள் செலவழிக்காவிட்டால் மறைந்துவிடும்.

இந்தக் கூத்து எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கம்பெனியின் சட்டைகளை வாங்குகிற பையர் நிறுவனத்தில் மகிழ்ச்சிப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மனிதர்களுக்கு மகிழ்ச்சி வருகிறதா என்று மாதாமாதம் கண்காணிக்கிற பிரிவு. அந்தப் பிரிவுத் தலைவி தன் குடும்பத்தோடு ஒரு உல்லாசக் கப்பலில் போய்வந்தாராம். கப்பலில் கொடுத்த கிரெடிட்டை விதவிதமாகச் செலவழித்ததில் அவர் மனம் நிறைந்துபோய்விட்டதாம். உடனே, நம் சட்டையைத் தைக்கிற பெண்களும் இந்த நிறைவைப் பெற வேண்டும் என்று கடிதமும் பணமும் அனுப்பிவிட்டார். தொழிலாளர்கள் மூன்று நாள் கப்பலில் இருக்க வேண்டும், கிரெடிட்டைச் செலவழிக்க வேண்டும், மகிழ்ந்ததற்கான போட்டோ வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆர்டர் யோசனைக்குரியது.

ஆனால் கிறிஸ்துமஸ் சரக்கு சனிக்கிழமை இரவு லாரி ஏறியாக வேண்டியிருந்தது. தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அது முதலாளியின் கைக்காசு. சட்டையில் குறை பார்க்கிற செக்கிங் பெண்களைக் கப்பலுக்கு அனுப்பினால் சரக்கு நிற்கும். அனுப்பாவிட்டால் ஆர்டர் போகும். கிட்டுசாமி ஒரு ராத்திரி முழுக்க யோசித்து, பெண்களைக் கப்பலுக்கு அனுப்புவதற்குப் பதிலாகக் கப்பலைப் பெண்களிடம் வரவழைத்துவிட்டார். இப்படிப்பட்ட மூளைக்குத்தான் நம் ஊரில் தொழில் மேதை என்று பட்டம் கொடுத்து, மேடையில் சால்வை போர்த்துகிறார்கள்.

எட்டரைக்குச் சங்கு ஊதியது. கிட்டுசாமி வெள்ளை பேன்ட், வெள்ளைச் சட்டை, தலையில் தங்க ஜரிகை வைத்த கேப்டன் தொப்பியோடு மேசைமேல் ஏறினார். பக்கத்தில் அவருடைய மருமகன் தரணீதரன். கம்பெனியில் எச்.ஆர். மேனேஜர், கப்பலில் உல்லாச இயக்குநர்.

“ஏனுங்க அம்மிணிகளா, எல்லாரும் சவுரியமா ஏறிட்டீங்களா?” என்று கிட்டுசாமி ஆரம்பித்தார். “போன பொங்கலுக்கு என்ற ஊட்டுக்காரியக் கூட்டிட்டு நானும் கப்பல் ஏறுனனுங்க. அங்க எல்லாமே இருந்துதுங்க. நான் பாத்தது ஒண்ணே ஒண்ணுதானுங்க. அந்தக் கப்பல்ல ஆயிரம் பேரு வேல செய்யறாங்க. ஒருத்தன் லீவு கேக்கலீங்க. ஒருத்தன் பர்மிசன் கேக்கலீங்க. மத்தியானமா ஊட்டுக்குப் போய்ட்டு வாரேன்னு ஒருத்தனும் தலையச் சொறியலீங்க. ஏன்? சுத்தியும் தண்ணிங்க! எனக்குக் கண்ணே கலங்கிருச்சுங்க. நம்ம கம்பெனியும் இப்பிடி நடுக்கடல்ல இருந்தா எத்தன நல்லா இருக்கும்னு அன்னைக்கே நெனச்சனுங்க. இன்னைக்கு அந்தக் கனவு நெறவேறிருச்சு. சனிக்கெழமை பொழுதோட கரைக்குப் போயிருவோம். அதுவரைக்கும் எல்லாருக்கும் சந்தோசம். சந்தோசப்பட மாட்டேன்னு யாரும் சொல்லக்கூடாதுங்க, அத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்.”

எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டாதவர்களைப் போட்டோவில் தெரியாதபடி பின்வரிசைக்கு நகர்த்தினார்கள்.

ராக்கம்மாளின் காதில் தைத்தது சனிக்கிழமை என்ற சொல். இன்றைக்குச் சாயங்காலமே தண்ணீர் வருகிறது. வால்வு திறப்பவர் நேற்றே சொல்லிவிட்டுப் போயிருந்தார். கம்பெனிக்குப் பின்னால், சாக்கடையைத் தாண்டினால் அவள் குடியிருக்கிற லைன் வீடு. குழாய் தெருவில், வீடு மாடியில். வீட்டில் மகள் தமிழ்மதி தனியாகப் பச்சைக் குழந்தையோடு இருக்கிறாள். வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்து இன்னும் இரண்டு வாரம் ஆகவில்லை. ஒரு குடம்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டரம்மா அதட்டி அனுப்பியிருந்தார். மருமகன் லாரியில் சூரத் போயிருக்கிறான். டிரம்மில் அடித்தண்ணீர்தான் மிச்சம். பிள்ளைத் துணி அலசவே அது காணாது. பக்கத்து வீட்டுக்காரிகள் யாரையாவது பிடித்துத் தரச் சொல்லலாம் என்றால், அந்த லைன் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் இதே கப்பலில் கழுத்து அட்டையோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

தமிழ்மதியின் குணம் அவளுக்குத் தெரியும். அம்மா வராவிட்டால் அவளே குடத்தை எடுத்துவிடுவாள். தண்ணீர் வரும்போது பிடிக்காமல் இருப்பது திருப்பூரில் வளர்ந்த பெண்ணுக்குக் கைவராத காரியம்.

“தம்பி, நாலு மணிக்கு என்னைய விட்ருவீகளா? ஒரு மணி நேரத்துல ஓடி வந்துருவேன்,” என்று தரணீதரனிடம் போய் நின்றாள்.

“அம்மா, நாம நடுக்கடல்ல இருக்கோம்,” என்றான் தரணீதரன். அவன் அதைச் சிரிக்காமல் சொன்னான். கோயமுத்தூரில் எம்.பி.ஏ. படித்தவன், சிரிக்காமல் சொல்லக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். “எறங்கணும்னா கரைச் சுற்றுலா எடுக்கணுங்க. கவுன்டர்ல விசாரிச்சுக்கங்க. முதல்ல கிரெடிட்ட செலவு பண்ணுங்க. எத்தன வழி வெச்சிருக்கோம் தெரியுமா?”

வழிகள் நிறையத்தான் வைத்திருந்தார்கள். செக்கிங் ஹால் மேல்மாடியில், தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. அதற்கு ‘சன் டெக்’ என்று போர்டு மாட்டியிருந்தார்கள். அந்தக் கப்பலில் உண்மை பேசிய போர்டு அது ஒன்றுதான். ராக்கம்மாளின் வேலை அங்கேதான். நாளெல்லாம் நின்றபடி சட்டையை விரித்து, கறையோ ஓட்டையோ தையல் விட்டதோ தெரிந்தால் அந்த இடத்தைக் காட்டி சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவாள். அம்பு ஒட்டிய சட்டை வெளிநாடு போகாது. இன்றைக்கு அந்த வேலைக்கு வேலை என்று பெயர் இல்லை, ‘ஆக்டிவிட்டி’ என்று பெயர். கப்பலில் சும்மா இருந்தால் போரடிக்குமே என்று ஏற்பாடு செய்ததாம்.

நேற்றுவரை சும்மா சுற்றிக்கொண்டிருந்த ஃபேனுக்கு இன்றைக்குக் ‘கடல் காற்று’ என்று பெயர் வைத்துக் கிரெடிட் பிடித்தார்கள். கால் வலித்தால் உட்காருவதற்கு நாற்காலி வேண்டும் என்று பெண்கள் வருஷக்கணக்கில் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். நாற்காலி வந்துவிட்டது, கிரெடிட்டுக்கு வாடகையாக. ராக்கம்மாளுக்குப் பக்கத்து டேபிள் பழனாயி, முழங்கால் வாதத்தோடு பத்து வருஷம் நின்றவள், ஆசையாகப் போய் அட்டையைத் தேய்த்துவிட்டு உட்கார்ந்தாள். போட்டோ எடுத்தார்கள். “சிரிங்கம்மா,” என்றார்கள். சிரித்தாள். “சரி, எந்திரிங்க, அடுத்தவங்க வெய்ட்டிங்,” என்றார்கள்.

“அப்ப மீதி நேரம்?” என்று கேட்டாள் பழனாயி.

“போட்டோவுல நீங்க உக்காந்துட்டுத்தானே இருக்கீங்க,” என்றான் தரணீதரன்.

பையரின் ஆட்கள் சோதனைக்கு வருகிற ஆடிட் நாளில் மட்டும் பூட்டுத் திறக்கிற டைல்ஸ் போட்ட கக்கூஸுக்கு ‘பிரீமியம் வாஷ்ரூம்’ என்று பெயர். அயர்ன் மேசைக்குப் பக்கத்தில் ஆவி அடிக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் அது ‘ஸ்பா’. அங்கே அயர்ன் பண்ணுகிற பீகார்ப் பையன்கள் நாள் முழுக்க ஸ்பாவில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். அதனால் மத்தியானத்துக்குள்ளேயே அவர்கள் கிரெடிட் தீர்ந்து, குடிக்கிற தண்ணீருக்கு அட்டை வேலை செய்யாமல் போய்விட்டது. ஆமாம், குடிக்கிற தண்ணீருக்கும் அட்டைதான். வேலை செய்து வேர்த்தவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க அட்டை தேய்க்கச் சொல்கிறவன் நல்லா இருப்பானா என்று கேட்கத் தோன்றுகிறது. அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

ராக்கம்மாள் ஃபேனுக்குப் போகவில்லை, நாற்காலிக்குப் போகவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. கரைச் சுற்றுலாவுக்கு ஆறாயிரம் என்றார்கள். அவளிடம் ஐயாயிரம்.

“ஏங்கிட்ட இருக்கத எடுத்துக்க ராக்கு,” என்று பழனாயி அட்டையைக் கழற்றி நீட்டினாள். அட்டை மாற்ற முடியாது என்று கவுன்டரில் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஒரு வழி இருந்தது. டார்கெட்டுக்கு மேலே சட்டை பார்த்தால் கூடுதல் கிரெடிட்.

ராக்கம்மாள் சோற்றைத் திறக்கவில்லை. கண் பூத்துப்போகிற அளவுக்குச் சட்டையைப் புரட்டினாள். வழக்கமாக இரண்டு ஆள் பார்க்கிற கட்டு அவள் மேசையில் கரைந்தது. சூப்பர்வைசர்கள் அவளைக் காட்டி, “பாருங்க, எப்பிடி என்ஜாய் பண்றாங்க!” என்று மற்றவர்களுக்குச் சொன்னார்கள். மூன்று மணி தாண்டியபோது அவள் அட்டையில் ஆறாயிரம் ஏறிவிட்டது. கவுன்டருக்கு ஓடினாள்.

“தனியாப் போக முடியாதுங்க. பத்துப் பேர் சேர்ந்தாத்தான் சுற்றுலா,” என்றான் தரணீதரன்.

பத்துப் பேர் சேர்வதா கஷ்டம்? எல்லார் வீட்டிலும்தான் தண்ணீர். பழனாயி முதல் ஆளாக வந்தாள். அவளைப்போலவே சோறு தின்னாமல் சட்டை பார்த்துச் சேர்த்தவர்கள் இன்னும் எட்டுப் பேர். பத்து அட்டையையும் தேய்த்தார்கள். தலைக்கு ஆறாயிரமும் போயிற்று. தரணீதரன் கையில் ஒரு சின்னக் கொடியைப் பிடித்துக்கொண்டு, “எல்லாரும் என் பின்னால வாங்க,” என்றான்.

அவன் கேட் பக்கம் போகவில்லை. படி ஏறினான்.

“கீழதான தம்பி கேட்டு?” என்று ராக்கம்மாள் கத்தினாள்.

“வாங்கம்மா, சொல்றேன்.”

மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் பைனாகுலரைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவன் கொடியை உயர்த்தினான். “கரைச் சுற்றுலான்னா கரையப் பாக்கறதுங்க. நடுக்கடல்ல எறங்க முடியுமா? பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்குல்ல? அதா தெரியுது பாருங்க, அதுதான் தண்ணித் தொட்டி. அதுக்கு இந்தப் பக்கம் தெரியறது தொழிலாளர் குடியிருப்பு. எளிமையான, மகிழ்ச்சியான மக்கள் வசிக்கிற பகுதி.”

அவர்கள் குடியிருக்கிற லைன் வீட்டை அவர்களுக்கே சுற்றிக் காட்டினான். பத்துப் பெண்களும் அவன் முகத்தையே பார்த்தார்கள். பார்த்து எரிக்க முடியுமென்றால் அந்தக் கொடியாவது கருகியிருக்கும்.

ராக்கம்மாள் பைனாகுலரைப் பிடுங்கிக் கண்ணில் வைத்தாள். முதலில் சாக்கடை தெரிந்தது. பிறகு தெரு. குழாயடியில் குடங்கள். தண்ணீர் வந்துவிட்டிருந்தது. மாடிப்படியில் ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தாள். நைட்டிக்கு மேலே போட்டிருந்த வெள்ளை பனியன் சட்டை ராக்கம்மாள் வாங்கிக் கொடுத்தது. இதே கம்பெனியில் குறை உள்ள செகண்ட்ஸ் என்று தள்ளிய சட்டை. பாதிப் படியில் அந்தப் பெண் நின்று, குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏத்தா வேணாம்டி! கீழ வையி!” என்று ராக்கம்மாள் அலறினாள். அவ்வளவு தூரம் கேட்குமா? கேட்கவில்லை. தமிழ்மதி குடத்தை ஏற்றிக்கொண்டு மேலே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் காலிக் குடத்தோடு மறுபடியும் இறங்கி வந்தாள்.

ராக்கம்மாள் படியில் விழுந்தடித்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள். “ஜெபக்குமாரு, தெறந்து விடுப்பா, எம்மக செத்துருவாப்பா!”

ஜெபக்குமார் காலிச் சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டினார். “யக்கா, சாவி எங்கிட்ட இல்ல. சாவிய கேப்டன் பையில வச்சிருக்காரு. தீ மணி அடிச்சா மட்டும் இது தானாத் தொறக்கும். வேற எதுக்கும் தொறக்காது. நா என்ன செய்வேன் சொல்லுங்க.”

அதற்குள் இரண்டு சூப்பர்வைசர்கள் வந்து அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஹாலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தண்டிக்க அல்ல. அங்கே பெரிய திரையில் மகிழ்ச்சிப் பிரிவுத் தலைவி நேரலையில் வந்திருந்தார். பயணிகளில் யாராவது ஒருவரிடம் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார். அழுத முகத்தோடு ஒருத்தி கிடைத்ததும் கிட்டுசாமிக்குப் பரம சந்தோசம். “ஆனந்தக் கண்ணீரு! இதவிட வேற என்னுங்க வேணும்?” என்று அவளைத் திரைக்கு முன்னால் நிறுத்தினார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கம்பெனியில் வருஷத்துக்கு நாலு ஆடிட். ஒவ்வொரு ஆடிட்டுக்கும் முன்னால் பெண்களை உட்காரவைத்துக் கேள்வி பதில் படிப்பிப்பார்கள். எத்தனை மணி நேரம் வேலை? எட்டு. ஓவர்டைம்? விருப்பப்பட்டால் மட்டும். குடிதண்ணீர்? தாராளமாகக் கிடைக்கிறது. குறை? ஒன்றுமில்லை. இது நாக்கில் ஏறி ஊறிப்போய், கழுத்தில் டேக் மாட்டிய எவர் கேட்டாலும் தானாக வந்துவிடும். தமிழ்மதி பிரசவ வார்டில் வலியில் துடித்தபோது டேக் மாட்டிய நர்ஸ் வந்து “என்னம்மா பிரச்சனை?” என்று கேட்டதற்கு, “ஒரு குறையும் இல்லங்க, எல்லாம் நல்லபடியா இருக்கு” என்று ராக்கம்மாள் சொல்லி, நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். திட்டு வாங்கியது பிறகு.

திரையில் இருந்த அம்மாள் கழுத்திலும் டேக் இருந்தது. அவர் அன்பாக ஏதோ கேட்டார். “எப்படி இருக்கீங்கன்னு கேக்கறாங்க,” என்றான் தரணீதரன்.

“எட்டு மணி நேரம்தாங்க வேலை,” என்றது ராக்கம்மாளின் நாக்கு. “ஓவர்டைம் விருப்பப்பட்டால் மட்டும். குடிதண்ணீர் தாராளமா…”

அங்கே நின்றுபோயிற்று. பிறகு அவளுடைய சொந்தக் குரல் வந்தது. “பொய்யிங்க. தண்ணி இல்லிங்க. எம்மக வயித்துத் தையலோட குடம் தூக்கிக்கிட்டு இருக்காங்க. இவுக கதவப் பூட்டி வச்சிருக்காக. என்னைய விடச் சொல்லுங்க தாயி.”

தரணீதரன் திரையைப் பார்த்துப் புன்னகையோடு இங்கிலீஷில் சொன்னான். என்ன சொன்னான் என்பதை ஆபீஸில் வேலை பார்க்கிற ஆஷா பிறகு சொல்லித்தான் ராக்கம்மாளுக்கே தெரியும். இந்தப் பெண் மிகவும் நெகிழ்ந்துபோயிருக்கிறார். தன் மகளையும் அழைத்து வர ஆசைப்படுகிறார். கப்பலில் தண்ணீர் விளையாட்டு இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்கிறார்.

திரையம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் விளையாட்டுக்காக இன்னும் இரண்டாயிரம் கிரெடிட் கொடுங்கள் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

கைதட்டல் ஓய்வதற்குள் ராக்கம்மாள் தூணை நோக்கி நடந்தாள். தூணில் சிவப்புப் பெட்டி, கண்ணாடி மூடி, உள்ளே தீ மணிப் பொத்தான். தூக்குவாளி மூடியால் ஒரே போடு. கண்ணாடி உடைந்தது. மணி அலறியது.

மணி அலறினால் என்ன செய்ய வேண்டும் என்பதும் ஆடிட்டுக்காகப் படிப்பித்ததுதான். மெஷினை நிறுத்து. எதையும் எடுக்காதே. வரிசையாக வெளியேறு. யாரும் யாரையும் தடுக்கக்கூடாது, தடுத்தால் ஆர்டர் ரத்து. அத்தனை பெண்களும் பீகார்ப் பையன்களும் சொல்லிக்கொடுத்தபடியே எழுந்தார்கள். கேட் தானாகத் திறந்தது. கப்பலின் மூக்கு நடுவில் கிழிந்தது. நீலத்துணியை மிதித்துக்கொண்டு கூட்டம் வெளியே போயிற்று. திரையம்மாள் கடிகாரத்தைப் பார்த்து, என்ன ஒரு ஒழுங்கு என்று வியந்துகொண்டிருந்தார். கிட்டுசாமி வாயை மூட மறந்து நின்றார். வெளியே கூடி நின்று தலை எண்ண வேண்டிய இடத்தில் ஒரு தலைகூட நிற்கவில்லை. எல்லாத் தலையும் அதனதன் குழாயடிக்குப் போய்விட்டது.

“எல்லாரும் எங்க போனாங்கன்னு கேக்கறாங்க மாமா,” என்றான் தரணீதரன்.

“கரைச் சுற்றுலான்னு சொல்லு மாப்ள,” என்றார் கிட்டுசாமி.

ராக்கம்மாள் ஓடி வந்து சேர்ந்தபோது குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. டிரம் நிறைந்திருந்தது. தமிழ்மதி டிரம்முக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. சட்டையின் அடிப்பக்கத்தில் சிவப்பாக ஊறியிருந்தது.

“தண்ணி வந்துருச்சும்மா. நீ வரல. எம்புட்டு நேரம் பாக்குறது?” என்றாள்.

“அடி பாவி மகளே,” என்றாள் ராக்கம்மாள். அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, குழந்தையைப் பழனாயி கையில் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனாள். விட்டுப்போன தையலை மறுபடியும் போட்டார்கள். டாக்டரம்மா திட்டினார். யாரைத் திட்ட வேண்டுமோ அவர்கள் அங்கே இல்லாததால் ராக்கம்மாளே வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை சம்பளம். அன்றைக்குச் சாயங்காலம் ராக்கம்மாள் மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். சீட்டைக் கிழித்து அனுப்புவார்கள் என்று நினைத்தாள். நடந்தது வேறு. மகிழ்ச்சிப் பிரிவுத் தலைவி அந்தத் தீ மணி ஒழுங்கில் சொக்கிப்போயிருந்தார். அழுத அந்தப் பெண்ணை மறுபடியும் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். பதினைந்தாயிரம் பீஸுக்குப் புது ஆர்டரும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“வாங்க அம்மிணி, வாங்க,” என்று கிட்டுசாமி வாசலுக்கே வந்துவிட்டார். “உங்க மேல எனக்கு வருத்தமே இல்லீங்க. கண்ணாடி ஒடச்சதுக்கு, மணி அடிச்சதுக்கு, எல்லாத்துக்கும் சேத்து அந்த ரெண்டாயிரத்துல கழிச்சுட்டோம். எட்டாயிரம் கிரெடிட்டயும் முழுசா செலவு பண்ணுன ஒரே பயணி நீங்கதானுங்க! உங்களுக்குச் சர்ட்டிபிகேட் அடிச்சிருக்கோம். அடுத்த கப்பலுக்கும் டிக்கெட் உங்களுக்குத்தான்.”

ஹாலில் பெண்கள் எல்லோரும் சம்பளத்துக்காக நின்றுகொண்டிருந்தார்கள். திரையில் அந்த அம்மாள் சிரித்த முகமாகக் காத்திருந்தார். திரைக்கு முன்னால் செக்கிங் டேபிள். தரணீதரன் ராக்கம்மாளின் காதோரம் குனிந்து, “பழசையே சொல்லுங்கம்மா, போதும். குறை ஒண்ணுமில்லைன்னு,” என்றான். பிறகு திரையம்மாள் கேட்டதைத் தமிழில் சொன்னான். “இப்ப எப்பிடி இருக்கீங்கன்னு கேக்கறாங்க.”

ராக்கம்மாள் மஞ்சள் பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்தாள். துவைக்காத சட்டை. செக்கிங் டேபிளில் போட்டு, நாளெல்லாம் செய்கிற மாதிரியே இரண்டு கையாலும் விரித்து நீவினாள். கழுத்தில் அந்த அம்மாளுடைய நிறுவனத்தின் லேபிள் தெரிந்தது. கீழே, அடிவயிறு படுகிற இடத்தில், ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

டேபிளில் கிடந்த ஸ்டிக்கர் தாளிலிருந்து ஒரு சிவப்பு அம்புக்குறியை உரித்தாள். கறையைக் காட்டி ஒட்டினாள். இரண்டு தோளையும் பிடித்துச் சட்டையைத் தூக்கித் திரைக்கு நேராகக் காட்டினாள்.

திரையம்மாளின் சிரிப்பு நின்றது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் வந்து பார்த்தார். என்ன அது என்று கேட்டார்.

“எம்மக சட்டை. எம்மக ரத்தம்,” என்றாள் ராக்கம்மாள். “இத இங்கிலீசுல சொல்லுங்க தம்பி.”

தரணீதரன் வாயைத் திறந்தான். இங்கிலீஷ் வரவில்லை. “சந்தோசமா இருக்காங்கன்னு சொல்லு மாப்ள, சொல்லு,” என்று கிட்டுசாமி பின்னாலிருந்து இடித்தார். அப்போதும் வரவில்லை. பழனாயி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து, பக்கத்தில் நின்று, ராக்கம்மாளின் கனத்துப்போன கைக்கு உதவியாகச் சட்டையின் ஒரு தோளைத் தான் பிடித்துக்கொண்டாள்.

ராக்கம்மாள் சட்டையை இறக்கவே இல்லை.